ஆறு தொகுதிகள், நான்கு எம்.பி.க்கள்

வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. நம் பெயர் இருக்கிறதா, அப்பா பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா, போன வருடம் காலமான பக்கத்து வீட்டுக்காரர் பட்டியலில் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க நேராக உள்ளே போய்விடுகிறோம். சுவாரசியமான சங்கதி முதல் பக்கத்தில்தான் இருக்கிறது. சட்டமன்றத் தொகுதியின் எண், பெயர், அது பொதுத் தொகுதியா தனித் தொகுதியா என்ற விவரம். அது எந்த மக்களவைத் தொகுதியில் அடங்குகிறது என்ற விவரம். பிறகு பாகம் எண், அதில் அடங்கும் தெருக்கள், வாக்குச்சாவடி.

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். கந்தர்வகோட்டை 178, விராலிமலை 179, புதுக்கோட்டை 180, திருமயம் 181, ஆலங்குடி 182, அறந்தாங்கி 183. எண்கள் வரிசை பிசகாமல் போகின்றன. இப்போது மக்களவைத் தொகுதியைப் பாருங்கள். 178 திருச்சிராப்பள்ளி. 179 கரூர். 180 மறுபடியும் திருச்சிராப்பள்ளி. 181, 182 இரண்டும் சிவகங்கை. 183 ராமநாதபுரம். ஒரே மாவட்டம், ஒரே கலெக்டர், நான்கு எம்.பி.க்கள். நான்கு பேரில் ஒருவருடைய தொகுதிக்கும் எங்கள் மாவட்டத்தின் பெயர் கிடையாது.

நான் விராலிமலைத் தொகுதிக்காரன், அதாவது மக்களவையைப் பொறுத்தவரை கரூர்க்காரன். பெரியம்மாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை என்றபோது, பிரதமர் நிவாரண நிதியில் உதவி கேட்க எம்.பி.யின் பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டது. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் புறப்பட்டுவிட்டார். அவருக்குத் தெரிந்த அரசாங்கம் முழுக்க அங்கேதான் இருக்கிறது: கலெக்டர் அலுவலகம், கோர்ட், பெரிய ஆஸ்பத்திரி. போகவேண்டியது கரூருக்கு என்று விளக்கியபோது, "அந்த ஊரில் பெண் கொடுத்தோமா, பெண் எடுத்தோமா? நமக்கும் கரூருக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்டார். பஸ் மாறிப் போய்க் கடிதம் வாங்கி வந்தோம். அங்கே மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனாலும் பெரியப்பாவின் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. நமக்கும் கரூருக்கும் இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தது யார்?

தொகுதி எல்லையை ஆறு, மலை மாதிரி இயற்கையாக அமைந்த ஒன்று என்றுதான் பெரும்பாலானவர்கள் எடுத்துக்கொள்கிறோம். எல்லையில் எந்தக் கோடும் போட்டிருப்பதில்லை, வயலின் இந்தப் பக்கம் ஒரு எம்.எல்.ஏ., அந்தப் பக்கம் இன்னொரு எம்.எல்.ஏ. அவ்வளவுதான். ஆனால் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் வரைபடம் முதல் இருபது வருடங்களில் ஓரிடத்தில் நின்றதே இல்லை. 1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு 375 உறுப்பினர்கள். ஆந்திரக் கடற்கரையும் மலபாரும் தென்கன்னடமும் அதில் அடக்கம். 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தது, பல்லாரி மைசூருக்குப் போனது, எண்ணிக்கை 231 ஆயிற்று. 1956 நவம்பரில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மலபார் கேரளத்துக்குப் போய், கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மிடம் வந்தன. எண்ணிக்கை 190-க்கு இறங்கி, 1957 தேர்தலுக்கு முன் புதிய வரையறையில் 205-க்கு ஏறியது. திருத்தணியை மீட்டதோடு ஓர் இடம் கூடி 206. 1967 தேர்தலிலிருந்து 234. அதற்குப் பிறகு அந்த எண் அசையவில்லை.

இந்தக் கணக்கில் இன்னொரு விசித்திரம் உண்டு. 1952-இல் 375 உறுப்பினர்கள் வந்தது 309 தொகுதிகளிலிருந்து. 66 தொகுதிகளுக்கு இரண்டிரண்டு உறுப்பினர்கள். ஒரே எல்லை, ஒரே வாக்காளர்கள், ஆளுக்கு இரண்டு ஓட்டு. ஓர் இடம் பொது, மற்றது ஒதுக்கீடு. ஒதுக்கீட்டு வேட்பாளர்களில் அதிக வாக்கு வாங்கியவருக்கு அந்த இடம் போன பிறகு, மீதியிருப்பவர்களில் யார் முன்னால் நிற்கிறாரோ அவருக்குப் பொது இடம். அவரும் ஒதுக்கீட்டுப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்தால்? 1957-இல் ஆந்திரத்துப் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில் அப்படியே நடந்தது. இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே பிடித்தார்கள். தோற்றவர் வி.வி. கிரி, பின்னாளில் குடியரசுத் தலைவரானவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் முடிவு மாறவில்லை. 1961-இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளை ஒழித்துச் சட்டம் வந்தது. ஒவ்வொரு இரட்டைத் தொகுதியையும் இரண்டாகப் பிளந்து ஒன்றைத் தனித் தொகுதி ஆக்கினார்கள். நம் தனித் தொகுதிகள் இன்றைய வடிவத்துக்கு வந்தது இப்படித்தான்.

மக்களவையில் தமிழகத்தின் பங்கு 1967-இல் 41-லிருந்து 39 ஆனது. மக்கள்தொகையைக் கட்டுக்குள் வைத்ததற்குக் கிடைத்த பரிசு என்று இதை இப்போதும் மேடையில் சொல்வார்கள். 2021-இல் தென்காசித் தனித் தொகுதி தொடர்பான ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு இதையே எடுத்துக்கொண்டு, இழந்த இரண்டு இடங்களுக்குத் தமிழகத்துக்கு ஏன் இழப்பீடு தரக்கூடாது என்று மத்திய அரசைக் கேட்டது. தொகையும் சொன்னது: 5,600 கோடி ரூபாய். ஓர் எம்.பி.யின் ஐந்தாண்டுக்கு இருநூறு கோடி என்று மதிப்புப் போட்ட கணக்கு அது. பணம் வரவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் எண்ணிக்கையை உறையவைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டில் முனைப்புக் காட்டும் மாநிலங்கள் இடங்களை இழக்கக்கூடாது என்பது காரணம். 2001 வரை என்று இருந்த தடையை 84-ஆவது திருத்தம் 2026-க்குப் பிந்தைய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டியது. அதே திருத்தம் ஒரு சன்னலை மட்டும் திறந்துவைத்தது: மொத்த எண்ணிக்கையைத் தொடாமல், மாநிலத்துக்குள் கோடுகளை மாற்றிக்கொள்ளலாம். அந்தச் சன்னல் வழியாக வந்ததுதான் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையம். 2001 கணக்கெடுப்பை வைத்து அது வரைந்த எல்லைகள் 2008 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தன. 2009 மக்களவைத் தேர்தலும் 2011 சட்டமன்றத் தேர்தலும் புதிய கோடுகளின்படி நடந்தன. இன்று நாம் போடும் ஓட்டும் அந்தக் கோடுகளுக்குள்தான்.

ஆணையத்தின் உத்தரவைப் படித்தால் ஏமாற்றமாக இருக்கும். வரைபடத்தை எதிர்பார்த்துப் போனவனுக்குக் கிடைப்பது ஊர்ப்பெயர்களின் பட்டியல். இன்ன வட்டம் முழுவதும், இன்ன வட்டத்தில் ஒரு பகுதி, அதாவது இந்தக் கிராமங்கள், இந்தப் பேரூராட்சி. 'பகுதி' என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும் அந்த ஒரு சொல்தான் கத்தி. அதற்குப் பின்னால் வரும் கிராமங்களின் வரிசையில் உங்கள் ஊர் இருந்தால் இந்த எம்.எல்.ஏ., இல்லாவிட்டால் அடுத்தவர். சென்னையில் கிராமங்களுக்குப் பதிலாக மாநகராட்சி வார்டு எண்கள். அங்கே ஒரு வேடிக்கை. உத்தரவு வந்தபோது மாநகராட்சிக்கு 155 வார்டுகள். 2011-இல் புறநகரைச் சேர்த்து 200 வார்டுகளாக்கி எண்களையும் மாற்றிவிட்டார்கள். சட்டப்படி சென்னைத் தொகுதிகளின் எல்லை இன்னும் பழைய வார்டுகளில்தான் இருக்கிறது.

கோடுகள் நகர்ந்ததில் மறைந்துபோன பெயர்கள் ஏராளம். சேடப்பட்டி, சேரன்மகாதேவி, மருங்காபுரி, கடலாடி, இளையான்குடி, சாத்தான்குளம், ஆண்டிமடம், தொட்டியம், உப்பிலியபுரம், வலங்கைமான், திருவோணம், சென்னையில் பூங்கா நகர், புரசைவாக்கம். இரண்டு பேரவைத் தலைவர்களின் தொகுதிகள் இந்தப் பட்டியலில் இருப்பதை நான் பிறகுதான் கவனித்தேன்: பி.எச். பாண்டியனின் சேரன்மகாதேவி, முத்தையாவின் சேடப்பட்டி. முத்தையாவுக்காவது ஊர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தொகுதி போன பிறகும் கடைசி வரை அவர் சேடப்பட்டி முத்தையாதான். தேனியில் நடந்தது இன்னும் விசித்திரம். பெரியகுளம் மக்களவைத் தொகுதி போய்த் தேனி மக்களவைத் தொகுதி வந்தது. அதே உத்தரவில் தேனி சட்டமன்றத் தொகுதி காணாமல் போனது. தேனிக்கு எம்.பி. உண்டு, எம்.எல்.ஏ. கிடையாது.

பெரிய தலைவர்களின் இடப்பெயர்ச்சிக்கும் இந்தக் கோடுகளுக்கும் நாம் நினைப்பதைவிட நெருக்கம் அதிகம். கருணாநிதி குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம் என்று சுற்றி வந்தவர். பிறந்த திருக்குவளைக்கு அருகிலுள்ள திருவாரூரில் 2011-இல்தான் முதல்முறையாக நின்றார். அதற்கு முன் திருவாரூர் தனித் தொகுதி, அவர் அங்கே நிற்க முடியாது. 2008-இல் அது பொதுத் தொகுதியானது, அதே சமயம் அவருடைய சேப்பாக்கம் திருவல்லிக்கேணியோடு சேர்ந்து வேறு தொகுதியானது. எதிர்த் திசையிலும் உதாரணம் உண்டு. முதலமைச்சரான காமராஜர் 1954 இடைத்தேர்தலில் வென்று சட்டமன்றத்துக்குள் வந்தது குடியாத்தத்திலிருந்து. இன்று குடியாத்தம் தனித் தொகுதி. பட்டியல் சாதியினரின் விகிதம் அதிகமாக உள்ள இடங்களில், அதே நேரம் மாநிலம் முழுக்கப் பரவலாக, தனித் தொகுதிகள் அமையவேண்டும் என்பது சட்டம். கணக்கெடுப்பு மாறும்போது அவையும் இடம் மாறுகின்றன. தமிழகத்தில் 42-ஆக இருந்த தனித் தொகுதிகள் 44 ஆயின. பழங்குடித் தொகுதிகள் மூன்றிலிருந்து இரண்டாகின, உப்பிலியபுரம் போக ஏற்காடும் சேந்தமங்கலமும் மிஞ்சின.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டமன்றமே தன் தொகுதிகளை வரைந்துகொள்கிறது. ஆளும் கட்சி தனக்கு வேண்டியபடி பல்லியும் பாம்புமாகக் கோடு போட்டு, நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் அடித்துக்கொள்வார்கள். நம் ஏற்பாடு அதைவிட மேல் என்றுதான் சொல்வேன். ஓய்வுபெற்ற அல்லது பணியிலுள்ள உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர், இந்தியத் தேர்தல் ஆணையத்திலிருந்து ஒருவர், மாநிலத் தேர்தல் ஆணையர் என மூன்று பேர். ஐந்து எம்.பி.க்களும் ஐந்து எம்.எல்.ஏ.க்களும் இணை உறுப்பினர்கள், ஆனால் அவர்களுக்கு வாக்கும் இல்லை, கையெழுத்தும் இல்லை. இறுதி உத்தரவு வந்துவிட்டால் நாடாளுமன்றம்கூட ஒரு புள்ளியை மாற்ற முடியாது. நீதிமன்றத்தில் கேள்வி கேட்க அரசியல் சட்டத்தின் 329-ஆவது பிரிவு தடை. அந்தக் கறார் எனக்குப் பிடிக்கும். பிடிக்காத இடம் ஒன்றுதான்: நேர்மையாகப் போட்ட கோடும் ஓர் ஊரைக் கூறுபோடலாம், அப்போது போய் முறையிட இடமே இல்லை.

புதுக்கோட்டைக்கு வருகிறேன். தொண்டைமான்களின் சமஸ்தானமாக இருந்து 1948-இல் இந்தியாவோடு சேர்ந்து, திருச்சி மாவட்டத்தின் பகுதியாகக் கிடந்து, 1974-இல் தனி மாவட்டமானது. சமஸ்தானத்தின் தாலுகாக்கள் மூன்று: ஆலங்குடி, திருமயம், குளத்தூர். 2008 வரை மூன்று பெயரிலும் சட்டமன்றத் தொகுதி இருந்தது. குளத்தூர் போய், கந்தர்வகோட்டையும் விராலிமலையும் வந்தன. கூடவே புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியும் போனது. 2009 தேர்தலில் யாருக்கும் ஓட்டுப் போட விருப்பமில்லை என்று தேர்தல் விதி 49-ஓ-வின்படி பதிவு செய்து எதிர்ப்பைக் காட்டுங்கள் என்று ஊரில் பிரசாரம் நடந்தது. அப்போது நோட்டா பொத்தான் கிடையாது. வாக்குச்சாவடி அலுவலரிடம் எல்லோர் முன்னாலும் சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டும். கிராமத்தில் அதைச் செய்வது சின்னக் காரியமில்லை.

ஏன் எங்கள் தொகுதி போனது? மக்கள்தொகை போதவில்லை என்பார்கள். கணக்கைப் பார்ப்போம். 2001-இல் தமிழக மக்கள்தொகை 6 கோடியே 24 லட்சம். 39-ஆல் வகுத்தால் மக்களவைத் தொகுதி ஒன்றுக்குச் சராசரி 16 லட்சம். புதுக்கோட்டை மாவட்டத்துக்கு 14.6 லட்சம். குறைவுதான், ஆனால் பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. இன்னொரு கணக்கு இதைவிட அழகு. 234-ஐ 39-ஆல் வகுத்தால் சரியாக ஆறு. தமிழகத்தில் ஒவ்வொரு மக்களவைத் தொகுதிக்குள்ளும் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். எங்கள் மாவட்டத்தில் இருப்பதும் ஆறு. கத்தரிக்கோலே வேண்டாம், அப்படியே எடுத்துப் பெயர் வைத்திருக்கலாம்.

பக்கத்து மாவட்டங்களை எண்ணிப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. சிவகங்கை மாவட்டத்தில் நான்கு சட்டமன்றத் தொகுதிகள். ராமநாதபுரத்தில் நான்கு. கரூரில் நான்கு. ஆறுக்கு ஆளுக்கு இரண்டு குறைகிறது. சிவகங்கை திருமயத்தையும் ஆலங்குடியையும் எடுத்துக்கொண்டது. ராமநாதபுரம் ஒரு பக்கம் விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியையும் மறுபக்கம் அறந்தாங்கியையும் எடுத்துக்கொண்டது. திருச்சிக்கு நகரத்தைச் சுற்றி நான்கு இருந்தன, புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் சேர்ந்து ஆறு. மிஞ்சிய விராலிமலை கரூருக்கு. எங்களிடம் பகையோ அரசியல் சூழ்ச்சியோ இருந்ததாக நான் நினைக்கவில்லை. நான்கு வீட்டுக்கு நடுவில் இருந்த சரியான ஆறு, நால்வரின் பற்றாக்குறைக்கும் கைகொடுத்தது. நடுவில் இருப்பதே எங்கள் குற்றம்.

இத்தனை கவனமாகச் சமன் செய்த கோடுகளும் நிலைக்கவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது சோழிங்கநல்லூரில் ஏறக்குறைய ஏழு லட்சம் வாக்காளர்கள், துறைமுகத்தில் ஒன்றே முக்கால் லட்சம். இருவருக்கும் ஆளுக்கு ஒரு எம்.எல்.ஏ., தொகுதி மேம்பாட்டு நிதியும் ஒரே அளவு. துறைமுகத்து ஓட்டு ஒன்று சோழிங்கநல்லூர் ஓட்டு நான்குக்குச் சமம். மென்பொருள் நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் பழைய மகாபலிபுரம் சாலைக்கு வரும் வேகத்துக்கு 2001 கணக்கெடுப்பு என்ன செய்யும்? இதற்கிடையில் 2019-20-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு, மயிலாடுதுறை என ஆறு மாவட்டங்கள் புதிதாகப் பிறந்தன. தொகுதிக் கோடுகள் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை.

ஆக, கோடுகளை மாற்றித்தான் தீரவேண்டும். 2025 மார்ச்சில் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டமும், பிற மாநிலத் தலைவர்களோடு கூட்டு நடவடிக்கைக் குழுக் கூட்டமும் நடந்தன. பேச்சு முழுக்க டெல்லியில் தமிழகத்துக்கு எத்தனை இடம் என்பதைப் பற்றி. நியாயமான கவலை, எனக்கும் உண்டு. ஆனால் முப்பத்தொன்பதோ வேறெந்த எண்ணோ, அதற்குள் யார் யாரோடு சேர்கிறார்கள் என்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் 106-ஆவது திருத்தத்தையும் மறுவரையறையோடுதான் கட்டிவைத்திருக்கிறார்கள். எந்தத் தொகுதி பெண்கள் தொகுதி என்ற கேள்வியும் அதே மேசைக்கு வரும். அப்போது குளித்தலையும் குன்னமும் யார் நினைவில் இருக்கும்?

எனக்கு நினைவில் இருக்கிறது, ஏனென்றால் காகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வரைவு அரசிதழில் வெளியாகும், ஆட்சேபணை கேட்பார்கள், பொது விசாரணை நடக்கும். ஒரு சாதாரண வாக்காளன் பேசக்கூடிய ஒரே கட்டம் அது. 'எங்கள் ஊருக்கு அநியாயம்' என்று கத்தினால் யாரும் கேட்கமாட்டார்கள். மாற்று ஏற்பாட்டோடு போகவேண்டும். இப்போதைய எல்லைகளையே வைத்து என் கணக்கு இது. குளித்தலை கரூர் மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் மக்களவைக்குப் பெரம்பலூரோடு சேர்த்திருக்கிறார்கள். அதைக் கரூருக்கே திருப்பிக் கொடுத்தால், மாவட்டத்தின் நான்கு, வேடசந்தூர், மணப்பாறை என்று கரூருக்கு ஆறு நிறைந்துவிடும், விராலிமலை தேவைப்படாது. பெரம்பலூருக்கு ஒன்று குறையும். அங்கே குன்னத்தைச் சேர்க்கலாம், அது பெரம்பலூர் மாவட்டத்துத் தொகுதிதான், சிதம்பரத்தோடு கிடக்கிறது. இப்போது சிதம்பரத்தில் ஐந்து. பக்கத்தில் கடலூர் தன் ஆறோடு நிறைந்து நிற்கிறது, மயிலாடுதுறையும் அப்படியே. வரைவு வருவதற்குள் அந்த ஒன்றை எங்கிருந்தாவது கண்டுபிடிக்கவேண்டும். சிதம்பரம் பக்கத்து நண்பர்கள் யாராவது இருந்தால் யோசனை சொல்லுங்கள்.